ராகப் படத்துக்கு ஆள் அடையாளம் கேட்ட கதை

1. கம்பியில் தொங்கிய முகங்கள்

சுனாமி வந்து ஆறாம் நாள் வாழைச்சேனையில் என் பிரேம் கடையைத் திறந்தேன். கதவைத் திறந்து முடிக்கவில்லை, ஒரு மனிசி சேலைத் தலைப்புக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். மகளுடைய கலியாண அல்பம். ஒவ்வொரு தாளும் மற்றத் தாளோடு ஒட்டிப்போய், மண்ணும் உப்புமாக ஒரு செங்கல் கட்டிபோல இருந்தது. மகள் இல்லை என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிரேம் கடைக்காரனுக்கு நனைந்த ஃபோட்டோவைப் பிரிக்கத் தெரியும். இழுத்தால் முகம் போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, மூலையில் இருந்து மெல்ல மெல்லக் கழற்றி, முகப்பக்கம் விரல் படாமல் கிளிப்பில் தொங்கவிட வேண்டும். அன்றைக்குப் பிரித்தது இருபத்தேழு படம். அடுத்த நாள் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். பிரேமுக்குப் பீடிங் கட்டை வெட்டும் வேலை நின்றுபோய், கடை முழுக்கக் கம்பி கட்டி, படம் காயவைப்பதே வேலையாகிவிட்டது.

சொந்தக்காரர் தெரியாத படங்களும் வந்தன. கரையில் கிடந்தது, பனையடியில் கிடந்தது என்று யாராவது கொண்டுவந்து தந்துவிட்டுப் போவார்கள். அவற்றைக் கழுவி ஒரு பக்கமாகத் தொங்கவிட்டேன். சனம் வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கும். சிலர் சிரிப்பார்கள். சிலர் அப்படியே நிலத்தில் இருந்துவிடுவார்கள்.

நான் இயல்பிலேயே சந்தேகம் பிடித்தவன். என் மனைவி, வீட்டுக்கு வரும் தபாற்காரரைக்கூட நான் இரண்டு தரம் பார்ப்பேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிவாள். அந்தக் காலம் வேறு அப்படி. யார் யாருடைய ஆள் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. சுனாமிக்கு முந்திய ஆவணியில் ஒரு பொடியன் கடைக்கு வந்து, அலுமாரியில் நான் வைத்திருந்த ஒரு இளைஞனின் படத்தைக் காட்டி, இது எங்கள் அண்ணன், தாருங்கள் என்றான். அண்ணனுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். சொன்ன பெயர் பிழை. படம் இல்லை போ என்று அனுப்பினேன். அந்த முகத்தைத் தேடி ஆட்கள் அலைகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் சொல்லப்போவதில்லை.

அதிலிருந்து கடைக்கு ஒரு சட்டம் வைத்தேன். படத்தில் இருப்பது யார் என்று பெயர் சொல்ல வேண்டும். சொன்னால் படம் உங்களுடையது. சொல்லாவிட்டால் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வாருங்கள். சுனாமிப் படங்களுக்கும் அதே சட்டம்தான். ஒரு தகப்பன் நாற்பது பேர் நிற்கும் பள்ளிக்கூடப் படத்தில் தன் மகனோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பேரின் பெயரை விம்மி விம்மிச் சொன்னார். அப்படியானவர்களைக் கண்டபோது என் சட்டத்தை நினைத்து எனக்குப் பெருமையாகவே இருந்தது.

2. றங்குப்பெட்டி

தை மாதக் கடைசியில், வாகரைப் பக்கத்து மீனவர் ஒருவர் ஒரு தகர றங்குப்பெட்டியை உழவு மெசினின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். களப்போரக் கண்டல் மரங்களுக்குள் செருகிக் கிடந்ததாம். பூட்டு உடைந்திருந்தது. உடைத்தது கடலா, இவரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஆரிட பெட்டி?” என்று கேட்டேன்.

“தெரியா ஐயா. அந்தக் கண்டலுக்குள்ள நாலு ஊர்ச் சாமான் கிடக்கு. படமாக் கிடந்ததால உங்கிட்டக் கொண்டாந்தன்.”

உள்ளே தடித்த பொலித்தீனில் சுற்றிய படங்கள் பன்னிரண்டு. ஃபோட்டோ அல்ல, கையால் கீறியவை. ஒவ்வொன்றும் ஒரு கொப்பித் தாள் அளவு. ஒன்று மட்டும் பிரேமுக்குள் இருந்தது. அதற்குள் ஈரம் போய்ப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. மற்றவற்றில் ஓரங்கள்தான் நனைந்திருந்தன. தாளும் நம் தாள் இல்லை. மூன்று நான்கு தாளைப் பசை போட்டு ஒன்றாக்கி அழுத்தியிருந்தார்கள். நனைந்த இடத்தில் அந்த மடிப்புகள் விரிந்துகொண்டு வந்தன.

எல்லாம் வடநாட்டு உடுப்பு. ஒரு பெண் காட்டுக்குள் வீணையோடு நிற்கிறாள், மான்கள் சுற்றி நிற்கின்றன. இன்னொருத்தி பாறையில் இருக்கிறாள், பாம்புகள் அவளிடம் வருகின்றன. ஒருத்தி கண்ணாடி பார்த்துத் தோடு போடுகிறாள். ஒருத்தி சிவலிங்கத்துக்குப் பூப்போடுகிறாள். ஒருவன் கருமுகிலுக்குக் கீழே ஆடுகிறான். கண் இமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. முப்பது வருடம் படத்தோடு புழங்கியவன் நான், அப்படி ஒரு கைவேலையைக் கண்டதில்லை.

ஒவ்வொரு படத்தின் மேல்பக்கமும் மஞ்சள் பட்டி ஒன்று. அதில் மேலே கோடு இழுத்து, கோட்டில் தொங்கவிட்டதுபோல எழுத்துகள். ஈரத்தில் பழுதான ஓரத்தை வெட்டி நேராக்குவது எங்கள் தொழிலின் வழக்கம். அந்தப் பட்டியும் செதில் செதிலாக எழும்பியிருந்தது. வெட்டப் பிளேட்டையும் எடுத்துவிட்டேன். ஆனால் ஏதாவது மந்திரமாக இருந்தால் பாவம் என்று பயந்து வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் வெட்டாமல் விட்டு வருந்திய ஓரம் அது ஒன்றுதான்.

3. பெயர் தெரியாத பிள்ளை

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பெட்டியைக் கேட்டு ஒரு பெண்பிள்ளை வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். பெயர் சுகந்தினி. வாகரைக்கு இந்தப் பக்கம் கரையோரத்தில் வீடு, இப்போது முகாமில் இருக்கிறாள். தாய் சங்கீத டீச்சர், வட இந்தியாவில் படித்தவர், படித்த காலத்தில் வாங்கி வந்த படங்கள் என்று சொன்னாள். தாயைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லையாம். டீச்சரின் படமும் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவின் கை பட்ட சாமான் என்று உலகத்தில் இருப்பது இந்தப் பெட்டி மட்டும்தான் என்றாள்.

நான் படங்களை மேசையில் பரப்பினேன். மான் நிற்கும் படத்தைக் காட்டி, இது ஆர் என்று கேட்டேன்.

“இது ஆள் இல்ல ஐயா. ராகம்.”

ராகத்தை எப்படிக் கீறுவது? காதால் கேட்கிற சாமான். இந்தப் பிள்ளை என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றப் பார்க்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். சரி, என்ன ராகம் என்று கேட்டேன். தெரியாது. பாம்புப் படம்? தெரியாது. பன்னிரண்டையும் கேட்டேன். ஒன்றுக்கும் பெயர் தெரியவில்லை.

“நான் மான்காரி, பாம்புக்காரி, தோட்டுக்காரி எண்டுதான் சொல்லுவன். அம்மா பேர் சொல்லித் தந்தவ. எனக்குப் பாட்டு வராது, அதால மனசில நிக்கல்ல. அம்மாக்கு அது பெரிய கவலை.”

சங்கீத டீச்சரின் மகளுக்கு ஒரு ராகத்தின் பெயர் தெரியாதா என்று குத்திக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தோட்டுக்காரியின் படத்தில் கீழ்மூலையைக் காட்டி, இது அம்மா கைதவறித் தேத்தண்ணி ஊற்றின கறை, அதற்கு அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை என்றாள்.

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். தேத்தண்ணிக் கறை எது, கடல் தண்ணிக் கறை எது என்று எனக்குத் தெரியும். உப்புத் தண்ணி காய்ந்தால் வெள்ளை பூக்கும். தேத்தண்ணி காய்ந்தால் நடுவில் மங்கலாகவும் விளிம்பில் கறுப்பாகவும் நிற்கும். அந்த மூலையில் இருந்தது தேத்தண்ணிதான். காயவைக்கும்போதே கவனித்திருந்தேன். ஆனால் என் சட்டத்தில் கறைக்கு இடமில்லை. கிராம சேவகரிடம் கடிதம் கொண்டுவா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருடைய கந்தோர்க் கட்டிடத்தையும் கடல் அடித்துக்கொண்டு போயிருந்தது என்று எனக்குத் தெரியும்.

4. பெயர் தெரிந்த துரை

நிவாரணச் சாமான்களோடு கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அதில் ஒருவர் சிறிய பிரேம் ஒன்று வாங்கக் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து, ஐம்பது வயது. பிரேமை மறந்துவிட்டு அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

எவரையும் நம்பாத நான் அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். கண்டலுக்குள் கிடந்த பெட்டி, டீச்சர், வட இந்தியா, ராகம் என்று சொன்ன பிள்ளை, பெயர் கேட்டதும் அவள் முழித்த முழி, என் சட்டம். கடைசியில் சிரிக்கவும் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அடுத்த நாள் காலையில் திரும்பி வந்தார். இந்தத் தரம் சிரிப்பில்லை.

“நேற்று சொல்ல மனசு வரல்ல ஐயா. அந்த டீச்சர் எனக்கு அக்கா முறை, பெரியம்மாவோட மகள். அவவுக்குப் பிள்ளைகள் இல்ல. வந்த பெண் யாரெண்டு எனக்குத் தெரியாது.”

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று. இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. படங்களைப் பரப்பி, பெயர் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டார், படத்தின் மேல்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு சொன்னார். தோடி. ஆசாவரி. பைரவி. மேகம். விலாவல். பன்னிரண்டும் தடக்கில்லாமல் வந்தன. அக்காவின் நினைவில் உற்றுப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கொப்பியில் கையெழுத்தும் விலாசமும் வாங்கிக்கொண்டு, பதினொரு படத்தையும் ஒவ்வொன்றுக்கும் இடையில் டிஷ்யூ பேப்பர் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். கண்ணாடியோடு ஒட்டிய மான் படத்தைக் கழற்ற ஒரு மாதமாவது செல்லும், பிறகு வாருங்கள் என்றேன். அவர் வரவில்லை.

5. கடிதம்

சுகந்தினி வந்தாள். மாசி கழிந்து பங்குனியும் பாதி போயிருந்தது. கையில் கடிதம். டீச்சரின் ஒரே மகள் என்று கிராம சேவகர் எழுதி, முத்திரை குத்தியிருந்தார்.

படங்களை உறவுக்காரர் ஒருவர் கொண்டுபோய்விட்டார் என்று சொன்னேன். அப்படி ஒரு தம்பி அம்மாவுக்கு இல்லை என்றாள். அம்மாவுக்குச் சின்னம்மாவே இல்லை என்றாள். அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. பிழை விட்டவனுக்கு வரும் கோபம். அவருக்குப் பன்னிரண்டு பெயரும் தெரியும், உனக்கு ஒன்றும் தெரியாது, கடிதம் யாரும் எழுதலாம் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். சுவரில் இருந்த மான் படத்தைக்கூடக் கொடுக்கவில்லை. அது அந்த ஐயாவுடையது என்றேன்.

அவள் கடிதத்தை நாலாய் மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கொழும்பு விலாசத்துக்கு நான் இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்தன. அப்போதும் தபால் கந்தோரைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு சண்டை தொடங்கியது. வாகரைப் பாதை மூடிப்போனது. அங்கிருந்த சனம் காடும் களப்பும் கடந்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அதில் அவள் வந்திருப்பாளோ என்று நினைத்தேன். முகாம் என் கடையில் இருந்து சைக்கிள் தூரம். போய்ப் பார்க்கவில்லை.

6. மஞ்சள் பட்டி

சண்டை முடிந்த வருடம். பாதைகள் திறந்து, வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். செங்கலடிப் பக்கம் குடிவந்திருந்த சங்கீத விரிவுரையாளர் ஒருவர், வட இந்தியாவில் படித்த பெண்மணி, தன் சான்றிதழுக்குப் பிரேம் போட வந்தார். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் நிறம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் பார்வை சுவரில் இருந்தது.

“ஐயா, இந்தத் தோடி உங்களுக்கு எங்கால கிடைச்சது?”

எனக்குக் கை நின்றுவிட்டது. தோடி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மானைப் பார்த்தா என்று கேட்டேன்.

“மானையும் வீணையையும் பார்த்தும் சொல்லலாம். ஆனா மேல பேர் எழுதிக் கிடக்கே.”

அந்த மஞ்சள் பட்டியைத்தான் காட்டினார். அவருக்கு அது ஒரு சாதாரண விசயம். வட இந்தியாவில் ஒவ்வொரு ராகத்தையும் ஒரு ஆணாகவோ பெண்ணாகவோ நினைத்து, அதற்கு ஒரு பருவமும் ஒரு பொழுதும் குறித்து வைத்தார்களாம். ஓவியர்கள் அதைப் பார்த்துக் கீறினார்களாம். மேகம் மழைக்காலத்து ராகம், அதனால்தான் முகிலுக்குக் கீழே ஆடுகிறான். தோடி தனித்துப்போன பெண், வாசிக்கும்போது மான்கள் வந்து கேட்கின்றன. நம் கோவில் திருவிழாவில் நாகசுரக்காரர் ஊதுகிற தோடியா என்று கேட்டேன். பெயர்தான் ஒன்று, அந்தத் தோடி வேறு, இது வேறு என்றார். படம் பழையதா, பழையதைப் பார்த்துக் கீறியதா என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

நான் பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டு, மேல்பக்கத்தைப் பார்த்து, பிறகு வாய் திறந்த அந்த மனிதர்தான் கண்ணுக்கு முன் நின்றார். மனிதர்களின் ஃபோட்டோவில் முகத்துக்கு மேல் பெயர் எழுதியிருப்பதில்லை. அதனால் என் சட்டம் அங்கே சரி. பெயர் எழுதிய படத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்தவனிடம் பெயர் கேட்டிருக்கிறேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அன்றைக்கு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டேன்.

7. மாங்கேணிக்கு அப்பால்

மான் படத்தைக் கண்ணாடியில் இருந்து கழற்றுவதற்கே நான் துணியவில்லை. கண்ணாடியோடு அப்படியே வைத்து, பின்னால் புது பேக் போட் பலகை அடித்து, தேக்குப் பீடிங்கில் பிரேம் போட்டேன். பழைய பெட்சீற்றில் சுற்றி வாகரை பஸ்ஸில் ஏறினேன். மாங்கேணிக்கு அப்பால் சோதனைச் சாவடியில் இறக்கி, அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு ஆமிக்காரர் படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், மஞ்சள் பட்டியைத் தட்டி இது என்ன பாசை என்று கேட்டார், பின்பலகையை விரலால் தட்டிச் சத்தம் கேட்டார். உள்ளே ஏதோ ஒளித்திருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். ஆணி கழற்றப்போகிறார் என்று நினைத்தேன். கடைசியில் போ என்றார். சும்மா ஒரு ஆளைச் சந்தேகக் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அந்த வெயிலில் நின்று படித்துக்கொண்டேன்.

சுனாமி வீட்டுத் திட்டத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். தையல் மெசினில் இருந்தாள். வாசலில் யாரோ வயதானவர் நிற்கிறார் என்று எழும்பி வந்து, யார், என்ன என்று கேட்காமலே, வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்து அதில் இருக்க வைத்து, தண்ணீர் தந்தாள். குடித்து முடித்த பிறகுதான் என்னை அடையாளம் கண்டாள். முகம் மாறியது. 

எல்லாவற்றையும் சொன்னேன். நானே வாய்விட்டுக் கதையைக் கொடுத்ததையும் சொன்னேன். தேத்தண்ணிக் கறையை அன்றைக்கே நம்பியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். படத்தை அவிழ்த்துக் கொடுத்தேன். மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

“இது தோடி, புள்ள,” என்றேன்.

“ஓம். அம்மா எத்தினை தரம் சொல்லியிருப்பா.”

பெயர் தெரியாததால் உன்னை நம்பவில்லை, அதுதான் என் பிழை, மன்னித்துக்கொள் என்றேன். அவள் படத்தில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“அதில்ல ஐயா. நான் செருப்பும் இல்லாம முகாமிலயிருந்து வந்தனான். உங்கிட கடையில ரெண்டு கதிரை கிடந்த. ரெண்டு தரமும் நிண்டபடிதான் கதைச்சன். பன்னிரண்டு படத்துக்கும் நான் பேர் சொல்லியிருந்தாலும், நீங்க தந்திரிக்க மாட்டீங்க.”

இல்லை, தந்திருப்பேன் என்று சொல்ல நினைத்தேன். அது பொய். அவள் பன்னிரண்டு பெயரையும் ஒப்புவித்திருந்தால், இதை எங்கே பாடமாக்கிக்கொண்டு வந்தாய் என்றுதான் கேட்டிருப்பேன். அந்தச் சப்பாத்துக்காரருக்கு ஓடிப்போய்க் கதிரை போட்டதும், பக்கத்துக் கடையில் சோடா எடுப்பித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் சட்டம் அவளைத் தேடிப் போய்ப் பிடித்தது. அவரைத் தேடவே இல்லை.

பதினொரு படமும் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. தோடியை அவள் வீட்டுச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டிவிட்டு, பின்னேர பஸ்ஸில் வந்தேன். போய் வாருங்கள் என்று சொன்னாள், மறுகாவும் ஒரு தரம் வாருங்கள் என்று சொல்லவில்லை.

தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சந்தேகப்படுங்கள், இந்தத் தொழிலில் அது வேண்டும். ஆனால் வந்த ஆளை முதலில் கதிரையில் இருக்கச் சொல்லுங்கள். இருத்திவிட்டுச் சந்தேகப்படுங்கள்.